குளியலறை பாய்லருக்கும் தேதி எழுதுங்கள்

சங்க இதழில் கவிதையும், தமிழ் வகுப்புச் செய்தியும், பொங்கல் விழாப் படங்களும் வருகிற பக்கத்தில் குளிக்கிற வெந்நீரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ரயில்வேயில் 38 ஆண்டுகள் இரும்போடும் எண்ணெயோடும் காலம் தள்ளியவன் நான். இலக்கியம் எழுத எனக்கு வராது. ஆனால் பாய்லர் தெரியும். தெரியும் என்ற அந்த நினைப்பே என் வீட்டில் ஓர் உயிரை வாங்கப் பார்த்தது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

நம் தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் இருக்கிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் விடியற்காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு நம் பிள்ளைகள் பிழைப்புக்குப் பெங்களூரைத்தான் நம்பியிருக்கிறார்கள். மாரிகுப்பத்தில் கிளம்பும் காலை ரயிலைப் பிடிக்க சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் ஸ்டேஷன்களில் இருட்டோடு இருட்டாகக் கூட்டம் நிற்கிறது. அதில் நிற்கிற ஒவ்வொருவரும் அதற்கு முன்பே எழுந்து குளித்தாக வேண்டும். விறகு மூட்ட யாருக்கும் நேரமில்லை. லைன் வீட்டுப் பழைய வயரிங் எலெக்ட்ரிக் கீசரைத் தாங்குமா என்ற பயம் வேறு. கேஸ் கீசர் என்றால் குழாயைத் திறந்ததும் சுடுதண்ணீர். அதனால் அது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. வந்ததில் தவறில்லை. எந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது, உட்கார்ந்த பிறகு அதை யாராவது திரும்பிப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் நடந்தது

2022 மார்கழி. ரிட்டயர் ஆகி ஊரோடு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் குளியலறை 5 அடி அகலம், 7 அடி நீளம், 8 அடி உயரம். கீசரை மாட்ட வந்த மெக்கானிக் தம்பி, "எங்க சார் வைக்கட்டும்?" என்று கேட்டார். குளியலறைக்கு உள்ளேயே இடம் காட்டியவன் நான். வெளிச் சுவரில் வைத்தால் பைப் நீளும், தண்ணீர் ஆறிவிடும் என்று அவருக்குப் பாடம் வேறு நடத்தினேன். வென்டிலேட்டர் வழியாகக் குளிரும் கொசுவும் வருகிறது என்று துணைவியார் சொன்னபோது, பிளைவுட் துண்டு ஒன்றை அளவாக அறுத்து அதை அடைத்தவனும் நானே.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மகள், மருமகன், பேரன் மூவரும் வந்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குளித்தார்கள். பேரன் குளித்துவிட்டு வந்து, "தாத்தா, தலை வலிக்குது" என்றான். "ஈரத் தலை, நல்லாத் துவட்டு" என்றேன். அது முதல் எச்சரிக்கை. எனக்குப் புரியவில்லை. நான்காவதாகத் துணைவியார் போனார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. மருமகன் கதவை உடைத்தார். கண் திறந்தபடி தரையில் கிடந்தார். கை கால் அசையவில்லை.

வாசலுக்குத் தூக்கி வந்து, வண்டி பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போனோம். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினார்கள். 98 காட்டியது. ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, பக்கவாதமாக இருக்குமோ, வலிப்பாக இருக்குமோ என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது டியூட்டிக்கு வந்த ஓர் இளம் டாக்டர் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பாத்ரூம்ல கேஸ் கீசர் இருக்கா?" இருக்கிறது என்றதும் உடனே ஆக்சிஜன் மாஸ்க் போட்டார். மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். அதன் பிறகும் சில வாரங்கள் அவருக்கு மறதி இருந்தது. அடுப்பில் பாலை வைத்தால் மறந்துவிடுவார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் என்னைக் கேட்டது இதுதான்: "ரயில்வே பாய்லரை எல்லாம் தேதி போட்டுப் போட்டுப் பார்ப்பீங்களே, நம்ம வீட்டு பாய்லரை ஏங்க ஒரு நாளும் திறந்து பார்க்கல?" பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

கசிவு அல்ல, அரைகுறை எரிதல்

எங்கள் வீட்டில் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2023 மார்ச்சில் ஹோலி கொண்டாடிவிட்டுச் சாயத்தைக் கழுவப் போன தம்பதியர் மும்பை காட்கோபரில் குளியலறையிலேயே இறந்து கிடந்தார்கள். அதே ஹோலியின்போது டில்லிக்கு அருகே முராத்நகரில் இன்னொரு தம்பதியர். இரண்டிலும் கேஸ் கீசர் மீதே சந்தேகம் என்று செய்தி வந்தது. 2025 அக்டோபரில் நம் கர்நாடகத்திலேயே, மைசூரு மாவட்டம் பிரியாபட்டணத்தில், குளிக்கச் சென்ற இளம் சகோதரிகள் இருவர் போய்விட்டார்கள்.

இப்படிப்பட்ட செய்திகளில் பத்திரிகைகள் "கேஸ் கசிவு" என்று எழுதுகின்றன. இந்தச் சொல்லே ஆபத்தானது என்பது என் கருத்து. கசிவு என்று படித்தவர் என்ன செய்கிறார்? ரப்பர் டியூபை முகர்ந்து பார்க்கிறார், சோப்பு நுரை தடவிப் பார்க்கிறார், ஒன்றுமில்லை என்று நிம்மதியாகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு குளிக்கப் போகிறார். எல்.பி.ஜி. கசிந்தால் நாற்றம் அடிக்கும். அதற்கென்றே அதில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் குளியலறையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கசிந்த கேஸ் அல்ல. எரிந்த கேஸ், அதாவது பிராணவாயு போதாமல் அரைகுறையாக எரிந்த கேஸ். அதிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது, இருமல் வராது.

நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையாக இந்த விஷவாயுவைப் பற்றிக்கொள்ளும். பிடித்த பிடியை எளிதில் விடாது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் உடம்பில் ஏறியது பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் வாங்கி வைத்திருக்கும் விரல் ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விஷவாயு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்றே காட்டும். என் துணைவியாருக்குக் காட்டிய 98 அப்படி வந்ததுதான்.

ஒரு சின்னக் கணக்கு

எங்கள் குளியலறையின் கொள்ளளவு 5 × 7 × 8 = 280 கனஅடி. நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்குச் சுமார் ஒரு கிலோ எல்.பி.ஜி. செலவாகும். ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுமையாக எரிய 420 கனஅடிக்கு மேல் காற்று வேண்டும். அப்படியானால் நிமிடத்துக்கு 7 கனஅடி. ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் 70 கனஅடி. அறைக் காற்றில் கால் பங்கு. நான்கு பேர் அடுத்தடுத்துக் குளித்தால் 280 கனஅடி. அறையே காலி!

கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வரும் என்பதால் அப்படியே கணக்குப்படி நடந்துவிடாது. ஆனால் அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. காற்றில் 21 சதவிகிதம் இருக்கும் பிராணவாயு 18 அளவுக்குக் குறைந்தாலே சுடர் கெட ஆரம்பித்துவிடும். காற்று உள்ளே வராத அறையில் அதற்கு ஆறு நிமிடம் போதும். போதாக்குறைக்குக் கீசர் வெளியே தள்ளிய புகையையே மறுபடி இழுத்து எரிக்கிறது. அந்த வாயு நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போனால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அதற்கு எவ்வளவோ முன்பே கால்கள் துவண்டுவிடும். தலை சுற்றுகிறது, வெளியே போகலாம் என்று நினைக்கும்போது தாழ்ப்பாளைத் திறக்கக் கையில் வலு இருக்காது.

தாத்தா காலத்து செப்பு பாய்லர்

நம்மில் பலருக்குத் தாத்தா வீட்டு செப்பு பாய்லர் நினைவிருக்கும். நடுக்குழாயில் அடுப்புக்கரி போட்டு, பக்கத்துக் குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வரும். அடுப்புக்கரியும் இதே விஷவாயுவைத்தான் கக்கும். ஆனால் அந்த பாய்லர் புழக்கடையில் நின்றது. புகையும் கரியும் வீட்டுக்குள் வேண்டாம் என்று பாட்டி வெளியே வைத்தார். கேஸ் வந்தது, கண்ணுக்குத் தெரிகிற புகை போயிற்று. புகைதான் இல்லையே என்று பாய்லரை வீட்டுக்குள், அதுவும் தாழ்ப்பாள் போடுகிற அறைக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

இதை மறக்கக் கூடாத ஊர் ஒன்று உண்டென்றால் அது நம் ஊர். வடஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்தும் பிழைக்க வந்த நம் முன்னோர், சாம்பியன் ரீஃபில் 10,000 அடிக்கும் கீழே இறங்கி வேலை செய்தவர்கள். அவ்வளவு ஆழத்துக்கு நல்ல காற்றை அனுப்பி, கெட்ட காற்றை வெளியே இழுத்தால்தான் அங்கே ஒரு மனிதன் நிற்க முடியும். வெடி வைத்தால் புகை வெளியேறும்வரை அந்த இடத்துக்கு ஆள் போகக் கூடாது என்பது சுரங்க விதி. இங்கிலாந்தில் ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1896-இல் நிலக்கரிச் சுரங்க விபத்துகளை ஆராய்ந்து, வெடித்துச் செத்தவர்களைவிட இந்த வாயுவால் செத்தவர்களே அதிகம் என்று காட்டினார். சுரங்கத்துக்குள் கூண்டில் சிறு பறவையை எடுத்துச் செல்லும் வழக்கம் அவர் யோசனைப்படிதான் வந்தது. பறவை சாய்ந்தால் ஆள் வெளியேற வேண்டும். பிரிட்டனில் 1986 வரை அந்தப் பறவைகள் வேலையில் இருந்தன. பூமிக்கு அடியில் காற்றை இப்படிக் கவனித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம், வீட்டு வென்டிலேட்டரில் பிளைவுட் அடிக்கிறோம்.

ஷெட்டில் இருந்த பழக்கம்

1982-இல் டிப்ளமா முடித்து நான் வேலைக்குச் சேர்ந்தபோது மீட்டர்கேஜில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஷெட்டுக்கு வந்த எஞ்சினின் பாய்லரைத் தவணை தவறாமல் வாஷ் அவுட் செய்வோம். தண்ணீரை வடித்து, மூடிகளைக் கழற்றி, உப்புப் படிவத்தைச் சுரண்டி, பீச்சி அடித்துக் கழுவுவோம். தண்ணீர் குறைந்து தகடு காய்ந்தால் உருகிவிழ ஈய பிளக் உண்டு. அழுத்தம் மீறினால் திறந்துகொள்ள சேஃப்டி வால்வு உண்டு. இவ்வளவும் இருந்தாலும், எங்களைக் காப்பாற்றியது ஒரு சாதாரண ரெஜிஸ்டர்தான். எந்தத் தேதியில் பார்த்தது, யார் பார்த்தது, கையெழுத்து. அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டவன் ராத்திரி தூங்கும்போதும் அந்த எஞ்சினை நினைத்துக்கொள்வான்.

இன்றைக்கும் கூட்ஸ் வண்டியின் பக்கவாட்டைப் பாருங்கள். ஒவ்வொரு வேகனிலும் ரிட்டர்ன் டேட் எழுதியிருக்கும். அந்தத் தேதிக்குள் அது ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்ப வேண்டும். உங்கள் சமையலறை சிலிண்டரிலும் தேதி உண்டு. கழுத்து வளையத்தைத் தாங்கும் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தில் ஒன்றும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ-27 என்றால் 2027 மார்ச்சுக்குள், பி என்றால் ஜூனுக்குள், சி செப்டம்பர், டி டிசம்பர். அதற்குள் அந்த சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். நிலக்கரி ஏற்றும் வேகனுக்குத் தேதி உண்டு, சிலிண்டருக்குத் தேதி உண்டு, அந்த சிலிண்டரை உறிஞ்சி நம் தலைக்கு மேலே எரிகிற கீசருக்கு மட்டும் தேதி இல்லை. மாட்டிய நாளோடு சரி.

துணைவியார் கேட்ட பிறகுதான் எங்கள் கீசரைக் கழற்றினேன். வெப்பம் வாங்கும் செப்புத் தகடுகளின் இடுக்குகளில் கரி அடைத்திருந்தது. மேலே போக வேண்டிய புகைக்குப் பாதி வழிதான் இருந்தது. கீழே பர்னர் துளைகளில் சயனைடு மேட்டுத் தூசி. ஆடிக் காற்றில் நம் சட்டைக் காலரில் படிகிற அதே தூசி. அதனால் சுடர் மஞ்சளாகியிருக்கிறது, மஞ்சள் சுடர் கரி படிய வைத்திருக்கிறது, கரி புகைவழியை அடைத்திருக்கிறது, அதனால் சுடர் இன்னும் கெட்டிருக்கிறது. மாதக் கணக்கில் சுடர் மஞ்சளாக இருந்தது என் கண்ணில் பட்டுத்தான் இருந்தது. தண்ணீர் சுட்டது, அது போதும் என்றிருந்தேன்.

செய்ய வேண்டியவை

முதலாவது, இடம். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த காற்றோட்டமுள்ள வெளிச் சுவரில், மழை படாமல் ஒரு சின்னக் கூரை போட்டு மாட்டுங்கள். வெந்நீர் பைப் மட்டும் உள்ளே வரட்டும். பைப்புக்கு ஃபோம் உறை போட்டால் சூடு பெரிதாகக் குறையாது. எங்கள் வீட்டில் இப்போது பைப் எட்டடி நீளம். முதல் ஒரு செம்பு தண்ணீர் பச்சையாக வரும். அவ்வளவுதான் நஷ்டம். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதாதா என்பார்கள். விடியற்காலை கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், பேட்டரியில் பற்றும் கீசர் எரிந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, இடம் மாற்றும்வரை ஒரு விதி. வாளி நிரம்பட்டும், கீசர் அணையட்டும், சிலிண்டர் மூடட்டும், கதவைத் திறந்து வைத்து அறை காற்றாடட்டும், பிறகு தாழ்ப்பாள். கீசர் எரியும்போது கதவடைத்த குளியலறைக்குள் யாரும் இருக்கக் கூடாது. குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாவது, சுடர். வாரம் ஒருமுறை கண்ணாடி வழியாகப் பாருங்கள். நீலமாக, நிலையாக எரிய வேண்டும். மஞ்சள் நுனி தெரிந்தால், கீசருக்கு மேலே சுவர் கறுத்தால், குளித்தவருக்குத் தலை வலித்தால் அன்றே நிறுத்திவிடுங்கள். குழாயைத் திறந்ததும் பற்றாமல் சற்றுப் பொறுத்து "டப்" என்று பற்றினால், பற்றுவதற்கு முன் கேஸ் சேர்கிறது என்று பொருள். பேட்டரி வீக்காக இருக்கலாம், பற்றவைக்கும் ஊசியில் கரி இருக்கலாம். அதையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

நான்காவது, ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம். பர்னரையும் செப்புத் தகடுகளையும் கழற்றி மென்மையான பிரஷ்ஷால் கரி நீக்க வேண்டும். கம்பி பிரஷ் போட்டால் தகடு வளையும், துளை பெரிதாகும். கோலார் மாவட்டத்து போர் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரியும். சுருள் குழாய்க்குள் அது படிந்தால் தண்ணீர் வேகம் குறையும், குழாய் காயும். சிட்ரிக் அமிலக் கரைசலை உள்ளே ஓடவிட்டு அதைக் கரைக்கலாம். தண்ணீர் நுழையும் இடத்துச் சல்லடையையும் கழுவ வேண்டும். வெளிக் கூட்டைத் துடைப்பதும் பேட்டரி மாற்றுவதும் நாம் செய்யலாம். பர்னரையும் கேஸ் வால்வையும் கம்பெனிப் பயிற்சி பெற்ற மெக்கானிக் தொடட்டும். பிராணவாயு குறைந்தால் அணைக்கும் சென்சாரும், 20 நிமிடத்தில் தானாக அணையும் அமைப்பும் பல மாடல்களில் உண்டு. அடிக்கடி அணைகிறது என்று அதைத் துண்டித்துவிடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சேஃப்டி வால்வை இறுக்கிக் கட்டுவதற்குச் சமம். ரப்பர் டியூப் சுரக்‌ஷா வகையாக இருக்கட்டும். அதையும் ஐந்து ஆண்டுகளில் மாற்றுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

ஐந்தாவது, ஆபத்து நேர்ந்தால். மூச்சை அடக்கிக்கொண்டு கதவையும் ஜன்னலையும் திறந்து, கேஸை மூடி, ஆளை வெளிக்காற்றுக்கு இழுங்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பதிலும் வாயில் ஊற்றுவதிலும் நேரம் போக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் முதல் வார்த்தையாக "கேஸ் கீசர்" என்று சொல்லுங்கள். ஆக்சிமீட்டர் நன்றாகக் காட்டினாலும் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு

இந்த இதழைத் தபாலில் பெறும் நம் பிள்ளைகள் பலர் குளிர் நாடுகளில் இருக்கிறார்கள். அங்கே வீட்டையே சூடாக்கும் கேஸ் பாய்லர் உண்டு. லண்டனுக்கு அருகில் இருக்கும் என் மகன் வீட்டுக்குப் போனபோது, சமையலறைச் சுவரில் இருந்த பாய்லரின் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். "அப்பா, தயவுசெஞ்சு தொடாதீங்க, இங்க சட்டம்" என்றான். அங்கே கேஸ் சேஃப் என்ற பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் பாய்லர் வேலை செய்யலாம். 2009 முதல் அந்தப் பதிவேடு இருக்கிறது. வாடகை வீடு என்றால் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துச் சான்றிதழ் தர வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் பாய்லர் உள்ள வாடகை வீட்டு அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம்.

பதிவு பெற்ற ஒருவர் வந்தார். மூடியைக் கழற்றினார், பர்னரின் சீலைப் பார்த்தார், கழிவுநீர்ப் பொறியைக் கழுவினார், புகைக்குழாயில் ஒரு கருவியைச் செருகிக் கார்பன் மோனாக்சைடு அளவு எடுத்தார். கடைசியில் தேதி போட்டுக் கையெழுத்திட்ட தாள் ஒன்றை நீட்டினார். எனக்கு எங்கள் ஷெட் ரெஜிஸ்டர் ஞாபகம் வந்தது. அந்த பாய்லர் எரியக் காற்றை வெளியிலிருந்தே எடுக்கிறது, புகையை வெளியிலேயே விடுகிறது. அறைக் காற்றைத் தொடுவதில்லை. நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: குளிர்காலம் வருமுன் ஆளைக் கூப்பிடுங்கள், பணம் மிச்சம் பிடிக்க இதை ஒரு வருடம் தள்ளிப் போடாதீர்கள், அலாரத்தின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

நம் சங்கம் செய்யலாமே

"பத்து வருஷமா இருக்கு அண்ணே, ஒண்ணும் ஆகலையே" என்று பலர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அன்றைக்கு முதல் நாள்வரை ஒன்றும் ஆகவில்லை. "செலவு ஆகுமே" என்றும் சொல்கிறார்கள். மெக்கானிக் கூலியும் எட்டடி பைப்பும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அறை வாடகைக்கு வராது. பெங்களூரில் வாடகைக்கு இருப்பவர்கள், "ஓனர் கேட்க மாட்டார்" என்கிறார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தண்ணீர் வருமா, பார்க்கிங் உண்டா என்று கேட்கிறோம். கீசர் எங்கே இருக்கிறது, கடைசியாக என்றைக்குப் பார்த்தது என்று நம்மில் ஒருவராவது கேட்டதுண்டா?

நம் சங்கத்தில் சுரங்கத்து ஃபிட்டர்கள் இருக்கிறார்கள், ரயில்வேக்காரர்கள் இருக்கிறார்கள், ஐ.டி.ஐ. படித்த இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சங்கம் கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவி ஒன்றிரண்டை வாங்கி வைத்து, ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் லைனாகப் போகலாம். யாருடைய கீசரையும் கழற்ற வேண்டாம். இடத்தைப் பார்த்து, சுடரைப் பார்த்து, அளவு எடுத்து, தேதி எழுதிய ஒரு சீட்டை ஒட்டிவிட்டு வந்தால் போதும். உள்ளே மாட்டியிருந்தால் வெளியே மாற்றச் சொல்ல வேண்டும். மாற்ற வசதி இல்லாத வீட்டுக்குச் சங்கம் கைகொடுக்க வேண்டும். பொங்கல் விழாவுக்கு நாம் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். முதல் நான்கு ஞாயிறுகளுக்கு நான் வரத் தயார்.

எங்கள் வீட்டுக் கீசர் இப்போது வெளிச் சுவரில் இருக்கிறது. வென்டிலேட்டரில் கம்பி வலை மட்டும். கீசரின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்ட்டில் ரிட்டர்ன் டேட் எழுதியிருக்கிறேன். ஆனால் ரெஜிஸ்டர் என்னிடம் இல்லை. அது துணைவியாரிடம் இருக்கிறது. மெக்கானிக் தம்பி வந்து வேலை முடித்ததும் அவர் கையெழுத்துப் போட வேண்டும், பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டையும் சரிபார்த்துவிட்டுத்தான் அம்மா காப்பி கொடுப்பார்.